நஞ்சைச் சுவாசிக்கும் பற்றீரியா

கல்யாண வீட்டுக்கு உடுத்திய பட்டுச் சேலையையோ, விலை கொடுத்து வாங்கிய கம்பளிக் கோட்டையோ சவர்க்காரம் போட்டுத் துவைக்க யாருக்கும் மனம் வராது. உலர் சலவைக்குக் கொடுப்போம். சில நாட்களில் கறை நீங்கி, மடிப்புக் குலையாமல் வீட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் படாமலே அழுக்கு எப்படிப் போனது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

உலர் சலவை என்பது பெயரளவில்தான் உலர்ந்தது. தண்ணீருக்குப் பதிலாக ஓர் இரசாயனத் திரவத்தில் உடுப்பு நனைக்கப்படுகிறது, அவ்வளவுதான். பல நாடுகளில் பல தசாப்தங்களாக இதற்குப் பாவிக்கப்பட்டு வந்த திரவம் டெட்ராகுளோரோஎதிலீன் என்பதாகும். வியாபாரிகள் இதனைச் சுருக்கமாக பி.சி.ஈ. என்பார்கள். இதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க இன்னொன்று டி.சி.ஈ. எனப்படும் ட்ரைகுளோரோஎதிலீன். இயந்திரப் பாகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயையும் கிறீஸையும் கழுவி எடுக்க விமானத் தளங்களிலும் உலோகத் தொழிற்சாலைகளிலும் இது பீப்பாய் பீப்பாயாகச் செலவானது.

இலகுவில் தீப்பற்றாது, விரைவில் உலர்ந்துவிடும், எந்த எண்ணெய்க் கறையையும் கரைத்துவிடும் என்பதனால் இவற்றை அக்காலத்தில் எல்லோரும் விரும்பினார்கள். டி.சி.ஈ.யைப் பிரசவ வேதனை தணிப்பதற்காகத் தாய்மாருக்கு முகரக் கொடுத்த காலமும் ஒன்றிருந்தது. கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்குவதற்கும் இது உதவியது. ஐக்கிய அமெரிக்காவில் உணவுடன் தொடர்புபட்ட இந்தப் பாவனை 1977 இல்தான் தடைசெய்யப்பட்டது. இன்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டி.சி.ஈ.யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது.

பாவித்துக் கழிந்த திரவத்தை என்ன செய்தார்கள்? பெரும்பாலும் கொல்லைப்புறத்து மண்ணில் ஊற்றினார்கள். வெயில் பட்டால் ஆவியாகிப் போய்விடும் என்று நம்பினார்கள். ஒரு பகுதி ஆவியாகிப் போனது உண்மைதான். எஞ்சியது கீழே இறங்கியது.

கிணற்றடிக்குக் கீழே

மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தத் திரவங்கள் அப்படியல்ல. தண்ணீரை விடக் கனமானவை. ஒரு லீற்றர் டி.சி.ஈ. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுடையது. ஆகவே நிலத்தடி நீரைத் தொட்டதும் அங்கே நின்றுவிடாமல், அதனையும் ஊடறுத்துக்கொண்டு கீழே போய், களிமண் படையின் மேலோ பாறை வெடிப்புகளிலோ குட்டையாகத் தேங்கிவிடும். தேங்கிய இடத்திலிருந்து வருடக் கணக்கில், தசாப்தக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் குடிநீருக்கு விதிக்கப்பட்டிருக்கும் எல்லை நூறு கோடிப் பங்கு தண்ணீரில் 5 பங்கு டி.சி.ஈ. என்பதாகும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரேயொரு லீற்றர் டி.சி.ஈ. முழுவதும் கரைந்தால் ஏறக்குறைய 29 கோடி லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர்களில் அத்தண்ணீரை நிரப்பினால் 29,000 பவுசர்கள் தேவைப்படும்.

மத்ரஸாவில் தண்ணீர் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது நிறம், மணம், சுவை என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே மனனம் செய்துவிடுவோம். நூறு கோடியில் ஐந்து, பத்து என்ற அளவில் டி.சி.ஈ. கலந்த தண்ணீரில் இம்மூன்றில் ஒன்றும் மாறுவதில்லை. தண்ணீர் சுத்தமானதா என்பதற்குரிய அளவுகோல் வேறு, குடித்தால் உடலுக்குத் தீங்கு வருமா என்பது வேறு. பின்னதற்கு வைத்தியரும் இரசாயனவியலாளருமே பதில் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, கண்ணாடி போல் தெளிந்த கிணறென்றால் கவலையில்லை என்று இருப்போர் நம்மில் அதிகம்.

பொஸ்டன் நகருக்கு அண்மையில் வோபர்ன் என்றொரு ஊர் இருக்கிறது. 1964 இலும் 1967 இலும் அங்கே ஆற்றோரமாகத் தோண்டப்பட்ட இரு கிணறுகளிலிருந்து ஊரின் ஒரு பகுதிக்குக் குழாய் நீர் விநியோகிக்கப்பட்டு வந்தது. 1979 மே மாதத்தில், ஆற்றை அண்டிய வெறுங்காணியொன்றில் யாரோ கொண்டுவந்து போட்டிருந்த 184 பீப்பாய்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தச் சந்தேகத்தில் கிணற்று நீரையும் பரிசோதித்தார்கள். பீப்பாய்கள் காரணமல்ல என்று பின்னர் தெரிந்தது. ஆனால் ஒரு கிணற்றில் நூறு கோடிக்கு 267 பங்கு டி.சி.ஈ. இருந்தது. இரண்டும் உடனே மூடப்பட்டன. அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் அச்சிறு நகரத்தில் 12 பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டிருந்தது. அந்தச் சனத்தொகைக்கு எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையோ ஐந்துக்குச் சற்று மேல்தான். தாய்மார்களும் தந்தைமார்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1997 இல் மாநில சுகாதாரத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வு, கர்ப்ப காலத்தில் தாய் அந்தக் கிணற்று நீரைக் குடித்ததற்கும் பிள்ளைக்கு நோய் வந்ததற்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டது. நோயுற்றோர் தொகை சிறியது என்பதனால் முடிவைக் கவனமாகவே கொள்ள வேண்டும் என்றும் அது சொன்னது.

இறைத்துப் பார்த்தார்கள்

நஞ்சு கலந்த தண்ணீரை என்ன செய்வது? முதலில் எல்லோருக்கும் தோன்றியது இறைத்து வெளியே எடுப்பதுதான். குழாய்க் கிணறுகள் தோண்டி, இரவு பகலாக நீரை மேலே கொண்டுவந்து, காற்றடித்தும் கரியில் வடித்தும் சுத்தப்படுத்தினார்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை 1994 இல் இவ்வாறு இறைத்துச் சுத்திகரிக்கப்பட்ட 77 இடங்களைப் பரிசீலித்தபோது, குறித்த தரத்தை எட்டியிருந்தவை 8 மட்டுமே. அடியில் தேங்கிய குட்டை கரைந்துகொண்டிருக்கும் வரை மேலே இறைப்பதற்கு முடிவேது? நஞ்சு பரவாமல் மறித்து வைப்பதற்கு அது உதவியது. நஞ்சை இல்லாமலாக்குவதற்கு வேறொரு வழி தேவைப்பட்டது.

அந்த வழி வந்த இடம்தான் ஆச்சரியமானது. நியூயோர்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற ஊரில் கோர்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியலாளரான ஜேம்ஸ் கொசெட் என்பவரும் அவரது மாணவர் டேவிட் ஃபிரீட்மனும், ஊரின் மலசலக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றைப் போத்தல்களில் அடைத்து, அதில் பி.சி.ஈ.யையும் டி.சி.ஈ.யையும் சேர்த்து வைத்தார்கள். காற்று உட்புகாத போத்தல்கள். காலப்போக்கில் நஞ்சு மறைந்தது. அதற்குப் பதிலாக எதிலீன் வாயு தோன்றியிருந்தது. 1989 இல் இதனை அவர்கள் வெளியிட்டார்கள்.

எதிலீன் என்பது நமக்குப் புதியதல்ல. பழுத்த வாழைக்குலை அருகிலுள்ள காய்களையும் பழுக்க வைக்கிறதே, அதற்குக் காரணமான வாயுவே இது. தண்ணீரில் இந்தச் சிறு அளவில் இருந்தால் தீங்கில்லை.

சேற்றுக்குள் இருந்த எந்த உயிர் இதைச் செய்தது என்று கண்டுபிடிக்க மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன. ஸேவியர் மாய்மோ-கட்டெல் என்ற ஆய்வு மாணவர், நுண்ணுயிரியல் பேராசிரியர் ஸ்டீவன் ஸின்டர், கொசெட் ஆகியோரோடு சேர்ந்து ஒரு பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்து, 1997 இல் ‘ஸயன்ஸ்’ சஞ்சிகையில் அறிவித்தார். வேலை இலகுவாக இருக்கவில்லை. அந்தப் பற்றீரியா ஒட்சிசன் பட்டால் செயலிழந்துவிடும். தனியே வளர்த்தால் சோர்ந்துபோகும். விற்றமின் பி12 வேண்டும், கூட இருந்த மற்றப் பற்றீரியாக்களின் சாறு வேண்டும், ஐதரசன் வாயு வேண்டும். உருவமோ ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இன்று அதன் பெயர் டிஹலோகொக்கொய்டிஸ் மெக்கார்ட்டியி. 2013 இல் இந்தப் பெயர் நிலைபெற்றது. மண்ணுக்குள் இந்நஞ்சுகளுக்கு என்ன நடக்கிறது என்பதை 1980 களிலேயே ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் பெரி மெக்கார்ட்டியைக் கௌரவிக்கும் முகமாக வைத்த பெயர் இது.

சுவாசம் என்றால் என்ன?

இந்தப் பற்றீரியா நஞ்சை உண்கிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது சரியல்ல. அது நஞ்சைச் ‘சுவாசிக்கிறது’.

நாம் சோறு தின்கிறோம், காற்றிலிருந்து ஒட்சிசனை எடுக்கிறோம். சோற்றிலிருந்து பிரிந்துவரும் இலத்திரன்களை ஏற்றுக்கொள்ளும் வேலையை ஒட்சிசன் செய்கிறது. அப்படி ஏற்றுக்கொள்ள ஒன்று இல்லாவிட்டால் உணவிலிருந்து நமக்குப் பலன் கிடைக்காது, சில நிமிடங்களில் மூச்சு முட்டிப் போவோம். ஒட்சிசனே இல்லாத ஆழத்தில் வாழும் உயிர்கள் வேறெதையாவது ஏற்பியாகக் கொள்ள வேண்டும். சில இரும்புத் துருவைக் கொள்கின்றன. சில சல்பேற்றைக் கொள்கின்றன. டிஹலோகொக்கொய்டிஸ் குளோரீன் ஒட்டிய சேர்வைகளைக் கொள்கிறது. ஐதரசன் அதற்குச் சோறு, பி.சி.ஈ. அதற்கு மூச்சுக்காற்று. வேறு விதமாக வாழ அதற்கு வழியே தெரியாது.

பி.சி.ஈ. மூலக்கூற்றில் நான்கு குளோரீன் அணுக்கள் உள்ளன. பற்றீரியா அவற்றுள் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் ஐதரசனை வைக்கிறது. இப்போது மூன்று குளோரீன். அதுதான் டி.சி.ஈ. இன்னொன்று கழன்றால் இரண்டு குளோரீன் உள்ள டைகுளோரோஎதிலீன். அடுத்தது கழன்றால் ஒரேயொரு குளோரீன் மிஞ்சும். கடைசியும் கழன்றால் எதிலீன். கழன்ற குளோரீன் தண்ணீரில் குளோரைட்டாகக் கரைந்திருக்கும். நாம் உண்ணும் கறியுப்பில் இருப்பதும் அதே குளோரைட்டுத்தான்.

படிக்கட்டு போலத் தோன்றுகிறது அல்லவா? ஆபத்து அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. ஒரேயொரு குளோரீன் மிஞ்சும் படியில் உண்டாகும் பொருளின் பெயர் வைனைல் குளோரைட்டு. நம் வீட்டுக்கு வரும் பி.வி.சி. தண்ணீர்க் குழாய் இதைக் கோத்துச் செய்ததே. கோத்த பின் குழாய் சாதுவானது. கோக்காத நிலையில் அது கொடியது. 1974 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள ஒரு பி.வி.சி. தொழிற்சாலையில், ஈரலில் மிக அபூர்வமாக வரும் ஒரு புற்றுநோய் பல தொழிலாளரிடம் காணப்பட்டது. அதற்குக் காரணம் வைனைல் குளோரைட்டு. குடிநீரில் டி.சி.ஈ.க்கு 5 என்று எல்லை விதித்த அதே அமெரிக்கா, வைனைல் குளோரைட்டுக்கு விதித்தது 2.

ஆகவே இந்த வேலையைப் பாதியில் விட்டால், இருந்த நஞ்சை அதைவிடக் கொடிய நஞ்சாக மாற்றியவர்களாவோம்.

முதல் இரண்டு படிகளை இறங்கக்கூடிய பற்றீரியா இனங்கள் பல உண்டு. கடைசிப் படியை இறங்கத் தெரிந்தவை இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகச் சிலவே. பெரும்பாலும் டிஹலோகொக்கொய்டிஸ் இனமே அதைச் செய்கிறது. அந்த இனத்துக்குள்ளும் எல்லா வகையும் ஒன்றல்ல. 1997 இல் கண்டுபிடித்த வகை வைனைல் குளோரைட்டு வரை வேகமாக வந்து, அதற்குப் பின் மந்தமாகிவிடுகிறது. வைனைல் குளோரைட்டையே சுவாசித்துப் பெருகும் வகையொன்று 2003 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அறிவிக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தில் நஞ்சேறியிருந்த ஒரு நிலத்தடி நீரிலிருந்தே அது பெறப்பட்டது.

டோவர் விமானத் தளத்தில் 509 நாட்கள்

ஆய்வுகூடப் போத்தலில் நடப்பது மண்ணுக்குள் நடக்குமா? டெலவெயர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்தில் 1996 இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விமானப் பாகங்களைக் கழுவிய டி.சி.ஈ. அங்கே நிலத்தடி நீரில் கலந்திருந்தது. ஒரு சிறு பகுதியைத் தெரிவுசெய்து, ஒரு பக்கத்துக் குழாய்க் கிணற்றால் நீரை எடுத்து, அதில் லக்டேற்றைக் கலந்து, மறுபக்கத்தால் மீண்டும் மண்ணுக்குள் விட்டார்கள். லக்டேற்று என்பது தயிர் புளிக்கும்போது உண்டாகும் அமிலத்தின் உப்பு. மண்ணிலுள்ள சாதாரணப் பற்றீரியாக்கள் அதை உண்டு நொதிக்கச் செய்யும்போது ஐதரசன் வெளிவரும். அந்த ஐதரசனில் நமது பற்றீரியா வாழும் என்பது எதிர்பார்ப்பு.

டி.சி.ஈ. குறைந்தது. டைகுளோரோஎதிலீன் கூடியது. அத்தோடு நின்றுவிட்டது. ஒரு மாதம், இரு மாதம், ஆறு மாதம் ஊட்டிப் பார்த்தார்கள். படியில் ஏறி நின்றவர் இறங்கவில்லை. தேவையான பற்றீரியா அந்த மண்ணில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 269 ஆவது நாளில், புளோரிடா மாநிலத்தின் லார்கோ என்ற இடத்து நஞ்சேறிய மண்ணிலிருந்து வளர்த்தெடுத்த பற்றீரியாக் கலவையைக் கொண்டுவந்து உள்ளே செலுத்தினார்கள்.

அப்போதும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. 90 நாட்கள் வரை மௌனம். செலவைக் கணக்குப் பார்ப்பவராக இருந்தால் இந்த இடத்தில் குழாயை மூடியிருப்பார். அதன் பிறகே வைனைல் குளோரைட்டும் எதிலீனும் தலைகாட்டின. 509 ஆவது நாளில் டி.சி.ஈ.யும் டைகுளோரோஎதிலீனும் முழுவதும் எதிலீனாகியிருந்தன.

டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரிலுள்ள கெலி விமானப்படைத் தளத்திலும் இதே கதை. அங்கே கனடாவின் தென் ஒன்டாரியோ மண்ணிலிருந்து டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் எலிசபெத் எட்வர்ட்ஸின் குழுவினர் வளர்த்த கலவையில் 13 லீற்றர் மட்டும் செலுத்தப்பட்டது. 200 நாட்களுக்குள் பி.சி.ஈ., டி.சி.ஈ., டைகுளோரோஎதிலீன் மூன்றும் நூறு கோடிக்கு 5 பங்குக்குக் கீழே போயின. பற்றீரியா சேர்க்காத பக்கத்து நிலத்தில் வேலை டைகுளோரோஎதிலீனோடு நின்றது. அந்தக் கலவை இன்று நூற்றுக்கணக்கான இடங்களில் பாவிக்கப்பட்டு வருகிறது.

எல்லா மண்ணிலும் வெளியூர் ஆள் தேவைப்படுவதுமில்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஹூரோன் ஏரிக்கரையில் ஒஸ்கோடா என்ற ஊர் உண்டு. அங்கே ஒரு பழைய உலர் சலவை நிலையத்திலிருந்து இறங்கிய பி.சி.ஈ. ஏரியை நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் டிஹலோகொக்கொய்டிஸ் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஆங்காங்கே சொற்பமாக இருந்தது. ஆய்வாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் இரு துண்டு நிலங்களை எடுத்தார்கள். ஒன்றில் லக்டேற்றையும் போசணைகளையும் மட்டும் ஊட்டினார்கள். மற்றதில் அதே மண்ணிலிருந்து ஆய்வுகூடத்தில் பெருக்கிய பற்றீரியாவையும் சேர்த்து விட்டார்கள். பற்றீரியா விட்ட துண்டில் ஆறு வாரங்களில் 92 சதவீதம் எதிலீனாகிவிட்டது. ஊட்டம் மட்டும் கொடுத்த துண்டில் மூன்று மாதம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அதுவும் விழித்துக்கொண்டு, நான்காம் மாதமளவில் 76 சதவீதத்தை எட்டியது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இவை எதுவும் மனிதன் மரபணுவை மாற்றிச் செய்த பற்றீரியாக்கள் அல்ல. அப்படியொன்றைச் செய்தவரும் உண்டு. வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியா ஒன்றை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை வழங்கலாமா என்ற வழக்கு அதனால்தான் எழுந்து, 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. சட்டப் புத்தகங்களில் அந்தப் பற்றீரியா புகழ்பெற்றது. திறந்த கடலில் எண்ணெயைச் சுத்தப்படுத்த ஒருபோதும் விடப்படவில்லை. சேற்றில் பிறந்த டிஹலோகொக்கொய்டிஸ் யாருடைய கண்டுபிடிப்புமல்ல. இருந்ததைக் கண்டெடுத்தார்கள், அவ்வளவே. குளோரீன் சேர்ந்த கரிமப் பொருட்கள் இயற்கையிலும் ஆயிரக்கணக்கில் உள்ளன. தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அவற்றைக் கொண்டு வாழப் பழகிய உயிர்கள், மனிதன் கொட்டியதையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன என்றே கருதப்படுகிறது.

சீனிப்பாகும் சோயா எண்ணெயும்

இப்போது இந்த வேலைக்கு ஊட்டமாகக் கொடுக்கப்படுபவற்றின் பட்டியலைப் பார்த்தால் சமையலறைச் சாமான்கள் போலிருக்கும். சீனி ஆலைக் கழிவுப் பாகு, பாற்கட்டி செய்தபின் மிஞ்சும் மோர்த்தண்ணீர், சோயா எண்ணெய். எண்ணெயை அப்படியே விட்டால் மண்துளைகளில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பால் போலத் தண்ணீரோடு கலக்கிச் செலுத்துவார்கள். எண்ணெய் மெதுவாகச் சிதைவதனால் ஒரு முறை ஊட்டினால் பல மாதங்களுக்குத் தாங்கும்.

ஊட்டுவதிலும் அளவு இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் மெதேன் வாயுவை உண்டாக்கும் வேறு உயிர்கள் பெருகி, வரும் ஐதரசனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். சாண எரிவாயுக் குழி வைத்திருப்போருக்கு இந்த உயிர்களை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஒட்சிசன் அற்றுப்போன நிலத்தடியில் இரும்பும் மங்கனீசும் கரைந்து நீர் கறுக்கும், நாறும். பாறையில் ஆர்சனிக் இருந்தால் அதுவும் இளகி நீரில் சேரும். நொதித்தலால் நீர் புளித்து அமிலமானால் டிஹலோகொக்கொய்டிஸ் வேலையை நிறுத்திவிடும். அடியில் தேங்கிய தூய திரவக் குட்டையின் நடுவே எந்தப் பற்றீரியாவும் வாழ்வதில்லை. அதன் ஓரத்தில் நின்று, கரைந்து வருவதையே பிடிக்கின்றன. ஆகவே “பற்றீரியாவைத் தெளித்தால் போதும், நஞ்சு போய்விடும்” என்று பொடியோ திரவமோ விற்க வருபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

எல்லா நஞ்சுக்கும் இந்த வழி சரிவருமா என்றால் அதுவுமில்லை. ஈயம், இரசம், யுரேனியம் போன்றவை மூலகங்கள். அவற்றை எந்த உயிராலும் உடைக்க முடியாது. பற்றீரியாவால் செய்யக் கூடியதெல்லாம் கரையும் நிலையிலிருந்து கரையாத நிலைக்கு மாற்றுவதே. கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற இடத்துப் பழைய யுரேனிய ஆலை நிலத்தில், இரும்புத் துருவைச் சுவாசிக்கும் ஜியோபக்டர் என்ற பற்றீரியாவுக்கு அசற்றேற்றை ஊட்டினார்கள். வினாகிரியிலுள்ள அமிலத்தின் உப்பு அது. சில வாரங்களில் நீரிலிருந்த யுரேனியம் வெகுவாகக் குறைந்தது. பிறகு சல்பேற்றைச் சுவாசிக்கும் வேறு பற்றீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, யுரேனியம் திரும்பவும் ஏறத் தொடங்கியது. 2003 இல் அந்த ஆய்வாளர்களே இதை ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அக்கட்டுரையை மதிக்கத் தோன்றுகிறது.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2024 டிசம்பரில், டி.சி.ஈ.யின் எல்லாப் பாவனைகளையும் தடைசெய்யும் விதியையும், உலர் சலவையிலிருந்து பி.சி.ஈ.யைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக நீக்கும் விதியையும் அறிவித்தது. எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் டி.சி.ஈ. விதியின் சில பகுதிகள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டன. விதி எதுவானாலும் ஏற்கெனவே மண்ணுக்குள் போனது போனதுதான். வோபர்னின் அந்த இரு கிணறுகளும் 1979 இல் மூடப்பட்ட பின் மீண்டும் குடிநீருக்குத் திறக்கப்படவில்லை.

பற்றீரியா விடப்பட்ட இடங்களில், கண்காணிப்புக் கிணறுகளில் குறித்த காலத்துக்கொரு முறை நீர் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். டி.சி.ஈ. குறைந்துவிட்டதென்று மட்டும் அறிக்கை வந்தால் அனுபவமுள்ளவர் சந்தோஷப்படுவதில்லை. வைனைல் குளோரைட்டு எவ்வளவு என்று அடுத்து பார்ப்பார். கடைசியாக, வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அந்த எதிலீன் வந்திருக்கிறதா என்று தேடுவார். அது வந்திருந்தால் கையொப்பமிடுவார். வராவிட்டால் மறுபடியும் சோயா எண்ணெயோ, மேலும் சில லீற்றர் பற்றீரியாவோ அனுப்பச் சொல்லி எழுதுவார்.